ஒன்றாம் தேதி வரை காத்திருக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

பிரெஞ்சுப் பாடம் மறுபடி நின்றுவிட்டது, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி புதிதாகத் தொடங்கப் போகிறேன் என்றாய். போனில் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் யோசித்தபோது அந்த ஒன்றாம் தேதிதான் உறுத்தியது.

நீ இங்கே விட்டுப்போன நோட்டுகளை நேற்று புரட்டினேன். எல்லாவற்றிலும் முதல் பக்கம் அச்சடித்தது போல இருக்கிறது: தேதி, சிவப்பு மையில் தலைப்பு, அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. ஏழெட்டுப் பக்கம் தாண்டினால் வெறும் தாள். ஆரம்ப சூரத்தனம் என்பாள் உன் அத்தை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோம்பேறி இத்தனை முறை தொடங்கமாட்டாள். ஒரு நாள் விட்டுப்போனால் நோட்டே கெட்டுப்போனதாக நினைத்து மூடிவைக்கிறாய், கோளாறு அங்கேதான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது, 2010இல் இதழில் வெளியானது. 96 பேர் தலைக்கு ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் தினமும் செய்து பார்த்தார்கள். அது தானாக வருகிற அளவுக்குப் படிய எத்தனை நாள் ஆகும் என்று அந்த 12 வாரப் பதிவுகளை வைத்து முன்கூட்டிக் கணக்கிட்டால், ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை, நடுமதிப்பு 66. எனக்குப் பிடித்தது வேறொன்று: நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லையாம். நீ நம்பிக்கொண்டிருக்கும் 21 நாள் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து பரவியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் ஆகிறது என்றுதான் அவர் கவனித்தார். மொழி படிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அதனால் புது நோட்டு வாங்காதே. பழையதிலேயே, கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே, இன்றைய தேதியைப் போடு. நடுவில் விட்ட நாட்களுக்கு விளக்கம் எழுத வேண்டாம்.

நேரம் கிடைக்கும்போது படிப்பேன் என்கிறாய். நேரம் அப்படியெல்லாம் கிடைக்காது. "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், அதே மேஜையில்" என்று இடத்தையும் பொழுதையும் சேர்த்து முடிவு செய். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். வெறுமனே ஆசைப்படுகிறவர்களைவிட, எப்போது எங்கே என்று முன்கூட்டியே தீர்மானிக்கிறவர்கள்தான் அதிகம் செய்து முடிக்கிறார்கள். மனஉறுதி பற்றிய பேச்சில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. களைத்து வருகிற நாளில் அது யாரிடம் மிச்சம் இருக்கிறது? அந்த நாட்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். எழுதிவிட்டுத் தூங்கு.

இன்னொன்று. பிரெஞ்சே வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால் அந்த முடிவை நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் எடு, தலைவலியோடு உட்கார்ந்திருக்கும் இரவில் வேண்டாம். நான் ஏன் என்று கேட்கமாட்டேன். அம்மா கேட்பாள், அதை நீயே சமாளித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா