மாத்திரை அட்டைக்கும் பயிற்சித் தாளுக்கும் நடுவே ஒரு முழங்கால்

மருந்தாளுநர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் வணக்கம்.

உங்கள் இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடல் எழுதக் காரணம் என் வலது முழங்கால். அது உங்கள் இருவரிடமும் வந்துபோனது. ஆனால் அதைப் பற்றி நீங்கள் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

படி ஏறும்போது தெரியாத வலி, இறங்கும்போது தெரிந்தது. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் மூட்டு கட்டைபோல இருக்கும், அப்புறம் சரியாகிவிடும். இதற்குப் போய் டாக்டரா என்று நேரே மருந்துக்கடைக்குப் போனேன். வலி மாத்திரை கிடைத்தது. அடுத்த மாதமும் கிடைத்தது. என் பிரஷர் மாத்திரையையும் அங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து பிசியோவிடம் போனேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, காலை நீட்டித் தூக்குவது என்று பயிற்சிகள் தந்தார். நல்ல பயிற்சிகள்தான், குறை சொல்ல மாட்டேன். நான் செய்த வேலை என்னவென்றால், போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். வலிக்காமல் செய்கிறேனே என்று அவர் எண்ணிக்கையைக் கூட்டினார். இரவில் மாத்திரையின் வேகம் இறங்கியதும் முழங்கால் வீங்கும். மறுநாள் இன்னோர் அட்டை. அட்டை சீக்கிரம் தீர்வது மருந்தாளுநருக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. பயிற்சி கூடுவது பிசியோவுக்குத் தெரியும், எதன் தயவில் என்று தெரியாது. நானாகச் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கடைசியில் என் ரத்த அழுத்தம் ஏறிக் கிடப்பதை, வேறு எதற்கோ நான் பார்க்கப்போன டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், சில பிரஷர் மருந்துகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் என்பது மருந்தாளுநர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்காக 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் முழங்காலுக்கு முதலில் பூசும் மருந்தைத்தான் சொல்கிறது. எல்லாருக்கும் உடற்பயிற்சியைச் சொல்கிறது. மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் வேண்டாம் என்கிறது (அதை எடுத்து நீட்டும் கைகள் இன்னும் குறையவில்லை). வயது 45 அல்லது அதற்கு மேல், நடமாடினால் வலி, காலையில் எழும்போது மூட்டு விறைப்பு இல்லை அல்லது அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால், வேறு சந்தேகம் எழாதபோது தேய்மானம் என்று முடிவுசெய்ய எக்ஸ்ரேகூடத் தேவையில்லை என்றும் சொல்கிறது. இந்த மூன்றையும் கேட்க எவ்வளவு நேரமாகும்? மூட்டு சிவந்து கொதித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ டாக்டரிடம் அனுப்புங்கள். மற்றவர்களை பிசியோவிடம் அனுப்பலாமே.

இது என் கற்பனை இல்லை. கனடாவில் மருந்தாளுநர்களே கேள்வித்தாள் வைத்து முழங்கால் தேய்மானம் இருக்கக்கூடியவர்களைக் கண்டெடுத்தார்கள். அந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. மொத்தம் 139 பேர். ஒரு பாதிக்கு நோய் விளக்கம், வலி மருந்துகளைச் சரிபார்த்தல், பிசியோவின் பயிற்சி, டாக்டருக்குத் தகவல். மறு பாதிக்கு வெறும் துண்டுப் பிரசுரம். ஆறு மாதம் கழித்தும் முதல் அணிக்கு வலி குறைவு, நடமாட்டம் மேல். அற்புத மருந்து எதுவும் இல்லை, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள்.

பயிற்சியை நான் விட்டது எங்கே என்று சொல்கிறேன். மூன்றாம் வாரம் வலி கூடி மருந்துக்கடையில் நின்றபோது, “நடக்காதீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க” என்றார் அங்கிருந்தவர். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் பிசியோ கட்டியதெல்லாம் அதோடு சரிந்தது. ‘தேய்மானம்’ என்ற சொல்லே பாதிக் குற்றவாளி. டயர் தேய்வதுபோல, நடந்தால் இன்னும் தேயும் என்றுதானே தோன்றும்? ஆனால் மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது; மூட்டு அசைந்து அழுந்தி விடுபடும்போதுதான் மூட்டுநீரிலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. பயிற்சிக்குப் பின் கூடிய வலி 24 மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் பயப்படத் தேவையில்லை என்று பின்னர் தெரிந்துகொண்டேன். இதை அன்று யாராவது சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது ஒரு சீட்டு. மருந்தாளுநர் அதில் எழுத வேண்டியது: என்னென்ன மாத்திரை, மாதம் எத்தனை அட்டை, வயிறு, சிறுநீரகத் தொந்தரவு உண்டா. பிசியோ எழுத வேண்டியது: எந்தப் பயிற்சி, எவ்வளவு வலி வரை போகலாம், எப்போது நிறுத்த வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடு அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதை உங்கள் இரு சங்கங்களும் சேர்ந்து கேட்டால் நாங்களும் கூட நிற்போம்.

இப்போது பயிற்சித் தாளின் ஓரத்தில் அன்றன்றைய வலியை நானே எழுதி மருந்துக்கடையில் காட்டுகிறேன். போன வாரம் அங்கிருந்த இளம் மருந்தாளுநர் அதைத் திருப்பி, என் மருந்துகளையும் தன் தொலைபேசி எண்ணையும் எழுதி, “உங்க பிசியோகிட்ட குடுங்க” என்றார். கொடுத்துவிட்டேன். பிசியோ இன்னும் அவரைக் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கும் ஒருவர்