ஆறவிட்டுக் குடித்த தேநீருக்கு நன்றி

கடந்த இரண்டு மாதங்களாக எங்கள் வீடு பட்ட பாட்டை மட்டக்களப்பில் என்னைத் தெரிந்த அனைவரும் அறிவீர்கள். அதை மீண்டும் எழுதும் தெம்பு எனக்கில்லை. இன்றோடு புகைக்காமல் 41 நாட்கள் ஆகின்றன. என் மன உறுதியைச் சிலர் பாராட்டும்போது கூச்சமாக இருப்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

வைத்தியசாலையில் இரவு பகல் பாராது உடனிருந்த தாதியருக்கும், என் எரிச்சலையெல்லாம் பொறுத்துக்கொண்ட மனைவிக்கும், மாலைகளில் என்னைத் தனியே விடாமல் கல்லடிப் பாலம் வரை நடத்திச் சென்ற அலுவலக நண்பர்களுக்கும், புகைத்தலை விட உதவும் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தில் பொறுமையாகப் பேசியவருக்கும் (நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டே இலக்கம் என்பதால் அது மறக்கவேயில்லை) என் நன்றி.

ஆயினும் என்னை உண்மையில் காப்பாற்றியவர் எங்கள் சந்தியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் நானா. 11 ஆண்டுகளாக, நான் வாய் திறக்குமுன்பே ஒரு பிளேன்ரீயும் இரண்டு சிகரெட்டும் எடுத்து வைத்தவர் அவர். புகையை நிறுத்திய மூன்றாம் நாள் காலை, கை நடுங்கக் காசை நீட்டி ஒன்று கேட்டேன். அவர் மறுக்கவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை. "தாறன் தம்பி, முதல்ல இதைக் குடிங்க" என்று இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயை முன்னே வைத்தார். உதட்டில் வைக்க முடியாத சூடு. ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, நெல் விலையைப் பற்றி அவர் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிக் கோப்பை பாதியானபோதுதான், எதற்காகக் காசை நீட்டினேன் என்பது நினைவுக்கு வந்தது. மீண்டும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாளும் அதே சூடு. தன் வாப்பா புகையை விட்ட காலத்தில் உம்மா கையாண்ட உபாயம் அது என்று ஒரு கிழமை கழித்தே சொன்னார்.

அந்த உபாயத்தின் சூட்சுமம் பின்னர்தான் விளங்கியது. தவிப்பு உயிர் போவதுபோல் எழுந்தாலும் அதன் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களே நிற்கும். புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அது தணிந்துவிடும். குருதியிலுள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் பாதியாகிவிடுவதால், முதல் சில நாட்களில் உடல் அதைக் கேட்டு மிகவும் அலைக்கழிக்கும்; 2 முதல் 4 கிழமைகளுக்குள் அது படிப்படியாக அடங்கும். மனம் பழகிய தொடர்புகள்தாம் எளிதில் விடுவதில்லை: தேநீர் வாசனை, சோறு உண்டபின் வரும் ஓய்வு, நெஞ்சைக் கலக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. கடைப்பக்கமே போகாதே என்று பலர் சொன்னார்கள்; நல்ல அறிவுரைதான், நான்தான் கேட்கவில்லை. நானாவோ அதே கடையில், அதே வாங்கில் இருத்தியே தேநீரிலிருந்து சிகரெட்டைப் பிரித்துவிட்டார். அதனால் நாளொன்றுக்கு இரண்டு சிகரெட் வியாபாரத்தை இழந்தவரும் அவரே.

நேற்றுப் பின்னேரம் மழை இருட்டியபோதும் தவிப்பு வந்தது. கராம்பு ஒன்றை வாயிலிட்டு, பாலத்து விளக்குக் கம்பங்களை எண்ணியபடி நடந்தேன்; பன்னிரண்டாவது கம்பத்தில் அது போய்விட்டது. இனி எண்ணியும் அடங்காத நாளொன்று வந்தால், வேறெங்கும் போகாமல் உங்கள் கடைக்கே வருவேன், நானா.

மூன்றாம் நாள் நான் நீட்டிய காசை என் சட்டைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தீர்கள், தேநீருக்குரியதைக்கூட எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீங்கள் கடை திறந்ததும் அதைத் தர வருகிறேன், மறுக்காதீர்கள்.