ஐந்து நிமிட வெற்று ஓட்டம் வேண்டாம்: ஏற்காட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டு விடுதி, எஸ்டேட், பள்ளி நிர்வாகத்தினருக்கும், அங்கே ஜெனரேட்டரைக் கையாளும் ஆபரேட்டர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனதும் மலையிலிருந்து சேலத்துப் பட்டறைகளுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "செட் ஸ்டார்ட் ஆகுது, லோடு போட்டா கரும்புகை கக்கிட்டு உட்கார்ந்துடுது." டீசல் ஃபில்டர் புதிது, இன்ஜெக்டரும் சரி. அப்படியானால், புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அதை இறுக வைப்பது பல இடங்களில், எஞ்சினுக்கு நல்லது என்று நம்பி வாராவாரம் ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டும் அந்தப் பழக்கமே.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர்கூடச் சூடாகாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகி டர்போ பக்கம் வடிகிறது. அரைகுறையாக எரிந்த டீசலின் கரியும் அதோடு சேர்கிறது. குழாய் வாய்க்கு மூடி இல்லாவிட்டால் மழையும் மூடுபனியும் வேறு. டர்போவில் புகை சுழற்றும் டர்பைன் சக்கரம் துருப்பிடிக்காத கலப்பு உலோகம். அதைச் சுற்றியுள்ள கூடு வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் சிறு பங்குதான் இடைவெளி. கூட்டின் துருவும் கரியும் அதை அடைத்தால் சக்கரம் நகராது. நாகை, கடலூர் விசைப்படகுக்காரர்களுக்கு இது பழகிய தொல்லை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் உப்புக் காற்றில் எஞ்சின் சும்மா கிடக்கும். உங்களுக்கு உப்பு இல்லை, ஆனால் ஈரம் ஆண்டு முழுக்க.

சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்று ஏற்கெனவே மெலிந்தது. டர்போ இல்லாத எஞ்சின் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 சதவீதம் இழுவையை இழக்கும். டர்போதான் அதை ஈடுகட்டுகிறது. அது நின்றால் காற்றும் குறையும். நிற்கிற சக்கரம் புகை வெளியேறும் வழியையும் மறிக்கும்.

எதையும் கழற்றும் முன் புகையையும் மீட்டரையும் பாருங்கள். லோடு போட்டதும் 50 ஹெர்ட்ஸ் 47-க்கு இறங்கி, கரும்புகை வந்து, டர்போவின் விசில் சத்தமும் இல்லையென்றால் காற்றுக் குறைவு. அதற்கு ஏர் ஃபில்டர் அடைப்பும் காரணமாகலாம், கிளாம்ப் தளர்ந்த ஹோஸும் காரணமாகலாம். ஹோஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, லோடில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் போதவில்லை: ஃபில்டர், ஃபீட் பம்ப், குழாயில் காற்று. டர்போ அழுத்தத்தைப் பார்த்து டீசலைக் கூட்டும் பம்ப் உள்ள எஞ்சினில், அந்த மெல்லிய அழுத்தக் குழாய் வெடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். சில நூறு ரூபாய்க் குழாய்க்காகப் பம்ப்பையே பிரித்துவிடும் ஆட்கள் உண்டு.

இனி டர்போ. எஞ்சின் ஆறட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். உறிஞ்சும் பக்க ஹோஸை எடுத்துவிட்டு, காற்றைத் தள்ளும் கம்ப்ரசர் சக்கரத்தின் நட்டை விரலால் மெல்லச் சுற்றுங்கள். நல்ல டர்போ தடையின்றிச் சுழலும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, ஷாஃப்டைத் தாங்கும் புஷ் எண்ணெயில் மிதப்பதால். ஆனால் சக்கரம் கூட்டில் உரசக் கூடாது. முன்பின் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. டயல் கேஜில் 0.1 மி.மீ. தாண்டினால் பல மாடல்களில் கோர் (ஷாஃப்ட், சக்கரங்கள், புஷ் சேர்ந்த நடுப்பகுதி) போய்விட்டது என்று பொருள். உங்கள் மாடலின் கையேடு சொல்லும் அளவே முடிவு.

சுற்றவில்லை என்றால் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருகாதீர்கள். பல டர்போக்களில் அது இடதுமரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகுவது), ஷாஃப்டும் முறுகும். டர்போவைக் கழற்றி மேசைக்குக் கொண்டு வாருங்கள். மேனிஃபோல்டு ஸ்டட்களுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். கூடுகளைப் பிரிக்கும் முன் எது எந்தக் கோணத்தில் இருந்தது என்று சென்டர் பஞ்சால் குறியிடுங்கள். ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் சமமாகத் தட்டினால் டர்பைன் கூடு வரும். கம்பி பிரஷ் கூட்டுக்கு மட்டும். சக்கரத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியும் டீசலும் கொண்டே சுத்தம் செய்ய வேண்டும்; இறக்கை துளி வளைந்தாலும் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றில் அது ஷாஃப்டை உடைக்கும். ஆட்டம் அதிகமென்றால் புஷ் மட்டும் மாற்றுவது வீண் செலவு, பேலன்ஸ் செய்த முழுக் கோரையே போடுங்கள்.

திரும்ப மாட்டும்போது எண்ணெய் வழிகளில் சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம். பிதுங்கிய துணுக்கு எண்ணெயை அடைத்துப் புது டர்போவையும் கொன்றுவிடும். புதிய பேக்கிங், புதிய செம்பு வாஷர். வடிகுழாய் மடியாமல் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். எண்ணெய் துளையில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டீசலை நிறுத்தி வைத்து, பத்துப் பத்து விநாடியாக, இடையில் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, வடிகுழாயில் ஆயில் வரும்வரை கிராங்க் செய்யுங்கள். உறிஞ்சும் ஹோஸ் இல்லாமல் மட்டும் எஞ்சினை எழுப்பவே கூடாது. துணியோ விரலோ உள்ளே போய்விடும்.

பிறகு ஓட்டும் முறை. மாதம் ஒரு முறை, குறைந்தது 30 நிமிடம், 30 சதவீத லோடில். 62.5 கேவிஏ செட் என்றால் 50 கிலோவாட்; அதில் 30 சதவீதம் 15 கிலோவாட். விடுதிகளில் 2 கிலோவாட் கீசர் எட்டைப் போட்டால் முடிந்தது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடிந்த பின், பழத்தோலை உரிக்கும் பல்பரைச் சும்மா ஓட்டினால் லோடு வராது. தண்ணீர் மோட்டாரைச் சேர்த்து ஓட்டுங்கள். நிறுத்தும் முன் மூன்று நிமிடம் லோடு இறக்கி ஓட்டினால் போதும். சூட்டோடு நிறுத்தினால் டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிப் படியும்.

சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் வடிபிளக் இருக்கிறதா, குழாய் வாயில் மழைமூடி இருக்கிறதா என்று புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வெல்டரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளலாம், அரை நாள் வேலை.

இப்படிக்கு,
சேலத்தில் டீசல் எஞ்சின் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் சிலர்