கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

தண்டையார்பேட்டை

அன்புள்ள மல்லிகா,

படம் முடிந்துவிட்டது என்று நீ எழுதியதை அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “அது பிடிவாதக்காரி, முடிச்சிடும்னு எனக்குத் தெரியும்” என்றாள். நகையை அடகு வைத்து, முந்திரி ஆலைப் பெண்களையே நடிக்க வைத்து ஒரு முழுநீளப் படம். உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறதுடி.

நீ கேட்ட ஊர்ச் செய்தி: அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் ஓடுகிறது, நீ வந்தால் சென்ட்ரலில் இருந்து ஆட்டோக்காரரிடம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நாம் இருவரும் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போன அகஸ்தியா தியேட்டரை 2020லேயே மூடிவிட்டார்கள், தெரியுமில்லையா? வடசென்னையில் இருந்த பழைய தியேட்டர்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. பெரிய படங்களுக்கே ஷோ கிடைப்பது பெரும்பாடு, நம்மைப் போன்றவர்கள் படத்தை எங்கே கொண்டுபோய் காட்டுவது? அதனால்தான் நீ கேட்ட விஷயத்தை, அதாவது விளம்பரத்தோடு இலவசமாகக் காட்டும் இணையத் தளங்களுக்குப் படத்தைக் கொடுப்பது எப்படி என்பதை, விரிவாக எழுதுகிறேன்.

முதலில், உன் படத்தை வாங்க வந்த ஆள் நீட்டியிருக்கும் அந்த ஒப்பந்தம். எல்லா டிஜிட்டல் உரிமையும், உலகம் முழுக்க, காலவரம்பு இல்லாமல், ஒரே தொகைக்கு அவுட்ரைட், அதாவது மொத்தமாக எழுதிக் கொடுப்பது. அதில் கையெழுத்துப் போடாதே. வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது அந்தத் தொகை பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஆள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, நாடு வாரியாக, தளம் வாரியாக விற்பார். அதைச் செய்ய வேண்டியவள் நீ.

இலவச ஸ்ட்ரீமிங் என்றால் சந்தா கிடையாது, நடுநடுவே விளம்பரம் வரும், அந்த விளம்பரக் காசில் தளமும் படக்காரரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவில் ட்யூபி, புளூட்டோ டிவி, ரோகு சேனல் எல்லாம் இந்த வகை. இது சின்ன வியாபாரம் இல்லை. 2019ல் வயாகாம் புளூட்டோவை 34 கோடி டாலருக்கு வாங்கியது, அடுத்த வருஷமே ஃபாக்ஸ் ட்யூபியை 44 கோடி டாலருக்கு வாங்கியது. இங்கே சாம்சங் டிவியில் வரும் டிவி பிளஸும், அமேசான் எம்எக்ஸ் பிளேயரும் இதே வழியில் ஓடுகின்றன. இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பார்ப்பவர் தேடி எடுத்துப் பார்க்கும் நூலகம். இன்னொன்று, பழைய கேபிள் டிவி போல நேர அட்டவணைப்படி ஓடும் சேனல். ஒரு படத்தை வைத்துக்கொண்டு யாரும் சேனல் நடத்த முடியாது. சேனல் வைத்திருப்பவரிடம் ஒரு தொகைக்கோ பங்குக்கோ கொடுக்கலாம். உன் படத்துக்கு முதலில் நூலகம்தான்.

காசு எப்படி வருகிறது என்பதைக் காசிமேட்டு மீன் ஏலத்தை நினைத்துக்கொண்டால் பிடிபட்டுவிடும். படம் ஓடும்போது ஒவ்வொரு விளம்பர இடைவெளியும் அந்த நொடியிலேயே ஏலம் போகிறது. ஆயிரம் தடவை காட்டினால் இவ்வளவு என்று விலை. மீன்பிடித் தடைக்காலத்தில் வஞ்சிரம் விலை ஏறுகிற மாதிரி அக்டோபர் முதல் டிசம்பர் வரை அமெரிக்காவில் விளம்பர விலை ஏறும், ஜனவரியில் இறங்கிவிடும். அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒருவர் பார்த்தால் கிடைப்பது, இங்கே ஒருவர் பார்த்தால் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. அதனால் வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள்தான் உனக்கு முக்கியம். அந்த உரிமையைத்தான் அந்த ஆள் சும்மா கேட்கிறார்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதே. திரைப்பட விழாக்கள், முடிந்தால் தியேட்டர், அப்புறம் சாட்டிலைட் (டிவி சேனல்), சந்தாத் தளம், கடைசியில்தான் இலவசம். இலவசமாகக் கிடைக்கும் படத்துக்குச் சந்தாத் தளம் காசு தராது. இலவசத் தளங்களுக்கு எக்ஸ்க்ளூசிவ் இல்லாமல், அதாவது ஒரே தளத்துக்கு மட்டும் என்று கட்டுப்படாமல் கொடு, ஒரே படம் நாலு இடத்தில் ஓடட்டும்.

இப்போது காகிதம். பெரிய தளங்கள் உன்னிடமிருந்து நேரடியாகப் படம் வாங்குவது அபூர்வம். அக்ரிகேட்டர், அதாவது படங்களைத் திரட்டித் தளங்களுக்குக் கொடுக்கும் இடைநிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும், அவர்கள் முதலில் கேட்பதே உரிமைக் காகிதத்தைத்தான். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 19ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்று கொள்ளப்படும், எந்தெந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உன் கதாசிரியர், இசையமைப்பாளர் தாள்களில் “உலகம் முழுவதும்” என்ற வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார். அது இல்லாமல் அமெரிக்காவில் விற்க உனக்கே உரிமை இருக்காது. 2012ல் வந்த திருத்தத்தின்படி, தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு, அவர்களே நினைத்தாலும் அதை விட்டுக்கொடுக்க முடியாது. அது நியாயமும்கூட. படத்தில் தெரியும் ஆலைப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்கிவிடு. அவர்களுடைய முகம் எங்கெல்லாம் போகப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பின்னால் கேட்கும் பாட்டுக்கும் உரிமை வேண்டும், நான் பட்டதைச் சொல்கிறேன். என் காசிமேடு படத்தில் ஒரு காட்சி. மீன் கூடைக்காரம்மா ஒரு வியாபாரியோடு பேரம் பேசுகிறார். கை விரலில் செதில் ஒட்டியிருக்கிறது, சங்கரா மீனைத் திருப்பிப் போட்டுச் செவுளைத் திறந்து காட்டுகிறார். படத்திலேயே எனக்கு உயிரான இடம். பின்னாலிருந்த டீக்கடை ரேடியோவில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மெல்லிசாகத்தான். அந்தப் பாட்டின் உரிமையாளர் கேட்ட தொகை என் மொத்தச் செலவை நெருங்கியது. கூடைக்காரம்மாவின் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் குரல் மட்டும் சுத்தமாக இருந்ததால் தப்பித்தோம். விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் படகு எஞ்சின், காக்கை, ஐஸ் உடைக்கும் சத்தம் எல்லாம் தனியாகப் பதிவு செய்து, அந்த மூணு நிமிஷத்துக்கு ஒலியை முதலில் இருந்து கட்டினோம். உன் ஆலைக்குள் ரேடியோ ஓடும் காட்சி இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை உன் ஒலிப்பதிவாளரோடு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேள்.

தொழில்நுட்பப் பட்டியல் பெரிதில்லை. திரைப்பட விழாவுக்காகப் படத்தின் மேலேயே பதித்த ஆங்கில சப்டைட்டில் ஆகாது. எழுத்துப் பதிக்காத சுத்தமான புரோரெஸ் (உயர்தர வீடியோ) பிரதியும், சப்டைட்டில் மட்டும் இருக்கும் தனி எஸ்ஆர்டி கோப்பும் வேண்டும். விழாவில் தேர்வானதையும் விருது வாங்கியதையும் காட்டப் போஸ்டரில் போடும் இலை வளையங்களைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். போஸ்டரை அலட்சியமாக விடாதே, அங்கே யாருக்கும் உன் பெயரோ என் பெயரோ தெரியாது, சின்னக் கட்டத்தில் தெரியும் படத்தை வைத்துத்தான் தொடுவார்கள். ஆலையை விட ஒரு முகம் நல்லது. விளம்பரம் எங்கே வரலாம் என்று காட்சி முடியும் இடங்களின் நேரத்தை நீயே குறித்துக் கொடு, இல்லாவிட்டால் அழுகைக்கு நடுவில் சோப்பு விளம்பரம் வரும்.

அக்ரிகேட்டர்களில் முன்பணம் கேட்பவர்கள் உண்டு, ஃபிலிம்ஹப் போல முன்பணம் இல்லாமல் வருமானத்தில் பங்கு எடுப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன். டிஸ்ட்ரிபர் என்று ஓர் அமெரிக்க நிறுவனம் 2019ல் நொடித்துப்போனபோது, கட்டணம் கட்டியிருந்த சுயாதீனப் படக்காரர்கள் எத்தனையோ பேரின் பணம் மாட்டிக்கொண்டது. விலகிக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு, கணக்கு எப்போது காட்டுவார்கள், நிறுவனம் மூழ்கினால் உரிமை தானாக உன்னிடம் திரும்புமா, இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க வரிக்கு, வெளிநாட்டவர் கொடுக்கும் டபிள்யூ-8பென் படிவத்தில் உன் பான் எண்ணைப் போட்டுக் கொடு. கொடுக்காவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள், கொடுத்தால் இரு நாட்டு உடன்படிக்கைப்படி 15. பிடித்ததை இங்கே வரி கட்டும்போது கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் கேள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பணத்தை நம்பி நகையை மீட்க முடியாது. என் படத்துக்கு இதுவரை வந்தது எடிட்டிங் கூலியைக்கூடத் தொடவில்லை. ஆனால் காலாண்டுக்குக் காலாண்டு வருகிறது, படமும் என்னுடையதாகவே இருக்கிறது. அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளரிடம் போனால் எந்த நாட்டில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை மேசையில் வைக்க முடிகிறது. வட்டிக்கு வேறு வழி பார்ப்போம், என் சீட்டு மார்கழியில் முடிகிறது, கூச்சப்படாமல் கேள்.

அந்த ஒப்பந்தத்தையும் இசையமைப்பாளர் கையெழுத்திட்ட தாளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு எடிட்டிங் வேலை இல்லை, வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் அந்த ஆள் போன் செய்தால் இப்படிக் கேள்: “இரண்டே வருஷம், விளம்பர ஸ்ட்ரீமிங் மட்டும், இந்தியாவுக்கு மட்டும், எக்ஸ்க்ளூசிவ் கிடையாது. இதுக்கு என்ன தருவீங்க?”

அன்புடன்,
செல்வி