சுமதிக்கு, வெள்ளவத்தையிலயிருந்து

அன்புள்ள சுமதி,

உன்ர மெசேஜ் கண்டனான். அக்கான்ர மகன்ர கால் முறிஞ்ச கேஸ் இழுபடுது, இன்சூரன்ஸ்காரனும் காசு தர ஓமெண்டிட்டான், அக்காவும் ஓமெண்டிட்டா, பிறகு நடுவில ஜட்ஜுக்கு என்ன வேலை எண்டு நல்லாக் கொதிச்சுத்தான் எழுதியிருக்கிறாய்.

புதுக்கடையில லோயர் ஒஃபிஸில ஃபைல் கட்டிக் கட்டியே தலை நரைச்சவள் சொல்லுறன், கேள். அது அக்கான்ர காசில்லையடி, பெடியன்ர காசு. இங்கயும் இதே கதைதான், 18 ஆகாத பிள்ளைக்காக பெரியாள் ஒராள் நெக்ஸ்ட் ஃபிரெண்டா நிண்டு வழக்குப் போடலாம், ஆனா கோட்ஸைக் கேக்காம சமாதானமாப் போகேலாது. (1989க்கு முன்னம் 21 வயசாகும் மட்டும் மைனர்தான், யோசிச்சுப் பார்!) உங்கட ஒன்டாரியோவில அது சிவில் வழக்கு விதியளில ரூல் 7.08. ஜட்ஜ் அப்ரூவ் பண்ணாட்டி அந்த செட்டில்மென்ட் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது, அதால இன்சூரன்ஸ்காரனுக்குத்தான் ஜட்ஜின்ர ஓடர் கூடுதலாத் தேவை, இல்லாட்டி பெடியன் வளந்து வந்து திரும்பக் கேட்டாலும் எண்டு பயம். அக்கான்ர அஃபிடவிட் ஒண்டு, லோயரின்ர ஒண்டு, செட்டில்மென்ட் பேப்பர், இவ்வளவும் போகவேணும். 16 தாண்டின பிள்ளையெண்டா அதின்ர சம்மதமும் எழுத்தில வேணும், இவன் சின்னவன்தானே.

எனக்கு யோசினை அவன்ர காலைப் பற்றித்தான். பிள்ளையளின்ர எலும்பு நுனியில வளர்ற பகுதி ஒண்டிருக்கு, முறிவு அதில பட்டா இப்ப ஒண்டும் தெரியாது, வளர வளர ஒரு கால் கட்டையாப் போகலாம், வளையலாம். எங்கட ஒஃபிஸுக்கு ஒரு பெட்டை வந்தவள், த்ரீவீல் அடிச்சது, தகப்பன் பேனையும் கையுமா சைன் வைக்க ரெடி. சீனியர் அவளைக் கூப்பிட்டு ஸ்கூல் சப்பாத்தைக் கழட்டித் தரச்சொல்லிப் பிரட்டிப் பாத்தார், ஒரு குதி மட்டும் ஒரு பக்கமாத் தேஞ்சு போய்க் கிடக்கு. உடன டொக்டரிட்டத் திருப்பி அனுப்பினார். தகப்பன் அண்டைக்கு எங்களைப் பேசாத பேச்சில்லை, பிறகு ரிப்போட் வந்தாப்பிறகுதான் வாய் மூடினவர்.

காசு பெரும்பாலும் கோட்ஸிலதான் கட்டவேண்டிவரும், அவனுக்கு 18 ஆகும் மட்டும் அங்கயே கிடக்கும். ஒரேயடியா வேண்டாமெண்டா மாசம் மாசம் வாற மாதிரி ஸ்ட்ரக்சர்ட் செட்டில்மென்டும் கேக்கலாம், லோயரிட்டக் கேக்கச் சொல்லு. அவரின்ர ஃபீஸையும் ஜட்ஜ் பாப்பார், கூடவெண்டா வெட்டுவார். எனக்கு இந்தச் சட்டத்தில நல்லாப் பிடிச்ச இடம் அதுதான், என்ர பொஸ் இதை வாசிக்கமாட்டார் எண்ட தைரியத்தில எழுதுறன்.

இப்போதைக்கு அக்காட்டச் சொல்லு, எலும்பு டொக்டரிட்ட இனி வளர்த்தியில பிரச்சினை வருமோ எண்டு ஒரு கடிதம் எழுத்தில வாங்கி லோயரிட்டக் குடுக்கட்டாம், அது இல்லாம ஜட்ஜுக்கு முன்னால போகவேண்டாம்.

மற்றது, ஆவணியில வாறனெண்டியே, டிக்கெட் போட்டாச்சோ இல்லையோ?

அன்புடன்,
வாசுகி