2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தும் வந்திருக்கும் ஆட்டக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை மாடி அறையில் நம் ஞாயிறு அட்டை ஆட்டங்கள் இவ்வாண்டும் தொடர்ந்து நடைபெற்றன. கொங்கன்படைத் திருவிழாவை ஒட்டிய ஞாயிறன்றும் ஓண விடுமுறையிலும் மட்டும் கூட்டம் வைக்கவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், இவ்வாண்டு நம் கவனத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்ட ஒரே பொருளைப் பற்றி, அதாவது ஒரு மேசையில் அமரும் நால்வரும் மகிழ்ந்து ஆடும்படி டெக் என்னும் அட்டைக்கட்டைத் திருத்துவது பற்றி, இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வரி: நாம் ஆடுவது மேஜிக் தி கேதரிங் என்னும் அட்டை ஆட்டத்தின் கமாண்டர் முறை. தலைமை அட்டையான ஒரு கமாண்டரும் 99 அட்டைகளும் சேர்ந்த டெக்கில் அடிப்படை லேண்ட் தவிர எந்த அட்டையும் இரண்டாம் முறை வரக்கூடாது. மற்ற அட்டைகளை ஆடக் கட்டும் விலை மானா, அதைத் தருபவை லேண்ட் அட்டைகள். ஒவ்வொருவருக்கும் தொடக்க உயிர் 40.

இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் 2025 பிப்ரவரியில் டெக்குகளை வலு ஏறும் வரிசையில் 5 படிகளாகப் பிரித்து வெளியிட்டதை அனைவரும் அறிவீர்கள். ‘கேம் சேஞ்சர்’ (ஆட்டப் போக்கையே மாற்றுபவை) என்று பட்டியலிடப்பட்ட அட்டைகள் முதல் இரண்டு படிகளில் கூடாது, மூன்றாம் படியில் 3 வரை வைத்துக்கொள்ளலாம் என்னும் விதி, ஆட்டத்துக்கு முன் நடந்துவந்த வாக்குவாதத்தைப் பாதியாகக் குறைத்தது. மீதிப் பாதியை அந்த விதியால் தீர்க்க முடியவில்லை என்பதே செயலாளர் என்ற முறையில் நான் கண்டது.

மூத்த உறுப்பினர் ஒருவரின் வெள்ளை-நீல டெக்கை அவருடைய அனுமதியுடன் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அதில் ரிஸ்டிக் ஸ்டடி, சைக்ளோனிக் ரிஃப்ட், என்லைட்டன்ட் டியூட்டர் என மூன்றே கேம் சேஞ்சர்கள் இருந்தன. ஆகவே மூன்றாம் படிக்கு அது முற்றிலும் உட்பட்டது. ஆனால் ரிஸ்டிக் ஸ்டடி மேசைக்கு வந்த நொடியிலிருந்து, மற்ற மூவரில் எவர் லேண்ட் தவிர எந்த அட்டையை ஆடினாலும், “ஒண்ணு கட்டறீங்களா?” என்ற கேள்வி எழும், ஒரு மானா கட்டாவிட்டால் அந்த மூத்த உறுப்பினர் ஓர் அட்டை எடுத்துக்கொள்வார். சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்பது போல மூவரும் சலித்துப்போனார்கள். பின்னர் சைக்ளோனிக் ரிஃப்டை முழு விலைக்கு ஆடி, லேண்ட் தவிர எதிராளிகளின் அத்தனையையும் கைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, உடனே வென்று முடிக்கவும் வழியில்லாமல் அவர் அமர்ந்திருந்தபோது, பொள்ளாச்சிக்காரர்கள் கடைசிப் பேருந்தை நினைத்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினர்.

அவர் டெக்கை நாங்கள் சேர்ந்து பிரித்துப் பார்த்தோம். லேண்ட் 31 மட்டுமே இருந்தது. அப்படியானால் முதல் 7 அட்டைகளில் சராசரியாக 2.2 லேண்ட்தான் வரும். அதை 37 ஆக்கினால் சராசரி 2.6 ஆகும். கையில் வந்த அட்டைகளைத் திருப்பிக் கலைத்து மீண்டும் எடுக்கும் முதல் மறுகலைப்புக்கு நால்வர் ஆட்டத்தில் அபராதம் இல்லை என்றாலும், லேண்ட் இன்றிக் கைகட்டி உட்கார்ந்திருப்பவர் தோற்பதைவிட மோசமான நிலையில் இருக்கிறார் என்பதால், டெக்கைத் திருத்த வருவோருக்கெல்லாம் இந்த எண்ணிக்கையையே முதலில் பார்க்கச் சொல்கிறோம். ரிஸ்டிக் ஸ்டடி வெளியேறிய இடத்தில் ஹவுலிங் மைன் வந்தது. அது ஒவ்வொருவருக்கும் அவரவர் முறையில் கூடுதலாக ஓர் அட்டை தரும். அவருக்கு அட்டை வரத்துக் குறையவில்லை, மற்றவர்களுக்கும் ஆட ஏதேனும் கிடைத்தது. சைக்ளோனிக் ரிஃப்டை அவர் விடவில்லை. ஆடினால் அடுத்த சுற்றுக்குள் வெல்ல வழி இருக்கும்போது மட்டுமே ஆடுவதாக ஒப்புக்கொண்டார். வாய்மொழி ஒப்பந்தம்தான், ஆனாலும் காப்பாற்றிவருகிறார்.

ஒரு டெக்கின் வலுவைவிட, அது மற்ற மூவரை எவ்வளவு நேரம் சும்மா உட்காரவைக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வலுவான டெக்கை அடக்க ஒற்றை அட்டையை அகற்றும் மந்திரங்கள் போதும். ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் ஒரே மானாவில் எத்தனை பெரிய உயிரினத்தையும் விலக்கிவிடும். அத்தகைய அட்டைகளைப் பலர் தம் டெக்கில் இரண்டோ மூன்றோதான் வைத்திருந்தனர், எதிராளியை மட்டும் குறை கூறினர். எட்டு முதல் பத்து வரை வைக்குமாறு கேட்டுக்கொண்ட பிறகு புகார்கள் வெகுவாகக் குறைந்தன. மாறாக, எல்லோருடைய லேண்டையும் அழிக்கும் ஆர்மகெடான் போன்ற அட்டைகள் முதல் மூன்று படிகளில் விதிப்படியே கூடா. அதைப் பற்றி நம்மிடையே விவாதமே எழவில்லை. சோல் ரிங் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஒரு மானா போட்டு இரண்டு மானா எடுக்கும் அந்த அட்டை, கேம் சேஞ்சர் பட்டியலில் இல்லை, கடையில் வாங்கும் கமாண்டர் டெக்குகளிலும் உள்ளது. அதை நீக்கச் சொல்வது புதியவர்களுக்குத் தொல்லை என்று செயற்குழு கருதியது.

அட்டைகள் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆடும்போதே தமிழிலோ மலையாளத்திலோ விளக்கிச் சொல்லும் வழக்கத்தைத் தொடருமாறு வேண்டுகிறேன். ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று அட்டைகளை அள்ளிச் சென்றதால் மேற்குச் சன்னலைச் சாத்தவும், மேசையில் உயிரினங்களைக் குறிக்க வைக்கும் டோக்கன்களுக்குக் காகிதத் துண்டுகளை விட்டுப் புளியங்கொட்டை பயன்படுத்தவும் ஏற்பாடு செய்யப்பட்டது. விலையுயர்ந்த அட்டைகளுக்கு நகல் வைத்து ஆட முன்பிருந்த அனுமதி தொடர்கிறது.

மாதத்தின் கடைசி ஞாயிறன்று நான்காம் படி டெக்குகளுக்குத் தனி மேசை ஒதுக்க வேண்டும் என்று சித்தூர் மாணவர்கள் எழுத்துமூலம் கேட்டுள்ளனர். மற்ற மேசைகளில் நால்வர் குறையாமல் இருந்தால் மட்டும் ஒதுக்கலாம் என்னும் திருத்தத்துடன் இக்கோரிக்கையைப் பொதுக்குழுவின் வாக்கெடுப்புக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்