பத்தாயப் பலகை

தக்கலை,
மார்ச் 9

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. கருங்கல் ஊரில் நீ கட்டும் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாச்சு என்று படித்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "அவனுக்க அம்மைக்குப் பாக்கக் குடுத்து வைக்கல்லியே" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, நீ கேட்ட விஷயம். படுக்கையறையை ஒட்டி ஆறடிக்கு ஏழடியில் உடை மாற்ற ஒரு அறை விட்டிருக்கிறாய், சுவரோடு சேர்த்து அலமாரி அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அலமாரி அடி. சுவரோடு மட்டும் சேர்க்காதே. அதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன்.

எங்கள் அறையும் அதே அளவுதான். முன்பு தேங்காயும் நெல் போட்டு வைக்கிற மரப்பெட்டியான பத்தாயமும் கிடந்த இடம், உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் பத்தாயத்தைப் பிரித்துப் பரணில் ஏற்றிவிட்டு, மேற்குச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை அலமாரி அடித்தோம். பார்க்க லட்சணமாக இருந்தது. இரண்டாவது வருடம் ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழை கழிந்து, ஓணத்துக்கு உடுக்க அம்மா தன் ஜரிகைக் கரை போட்ட கசவு நேரியதை எடுத்தாள். மடிப்பு நெடுக சாம்பல் நிறத்தில் பூஞ்சை. உதறினால் பொடியாக உதிர்ந்தது, ஆனால் அடியில் இருந்த மஞ்சள் புள்ளிகள் எத்தனை முறை அலசியும் போகவில்லை. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் அப்பா வாங்கிக் கொடுத்தது அது. அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்ப மடித்து வைத்தாள். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஐப்பசியில் பெய்கிற துலாமழை விட்டதும் எங்கள் ஊர் ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு அலமாரியைக் கழற்றினோம். பின்பலகை முறுக்கு மாதிரி வளைந்து, அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. அவர் ஒரு பிளாஸ்டிக் தாளை இரண்டடிச் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் டேப் வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, "ரெண்டு நாள் களிச்சு வாறேன்" என்று போய்விட்டார். வந்து பார்த்தால் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். வெளிப்பக்கம் பூத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், உள்பக்கம் என்றால் சுவரே குடித்து வைத்திருக்கிறது. வெளியே போய்த் தேடினோம். சன்ஷேடுக்கு மேலே பூச்சில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றோடு அடிக்கிற மழை அத்தனையும் அது வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. அதை அடைத்துப் பூசி, மாசி பங்குனி வெயிலில் சுவரைக் காயவிட்டு, சித்திரையில்தான் மர வேலையைத் தொடங்கினார். நீயும் தாள் ஒட்டிப் பார்க்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதே.

"பத்தாயத்துக்குக் கால் எதுக்கு வச்சான்? சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி எதுக்குப் போட்டான்?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நெல்லுக்குத் தெரிந்து செய்ததைத் துணிக்குச் செய்யாமல் விட்டிருக்கிறேன். புது அலமாரிக்கு அடியில் நாலு அங்குலம் கால், பின்னால் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் கொடுத்து ஒன்றரை அங்குலம் இடைவெளி, அந்த இடைவெளியில் காற்று ஏறி இறங்கக் கீழும் மேலும் திறப்பு. கதவுகளுக்குக் காற்று நுழையச் சாய்வாக அடுக்கிய சாய்சட்டம். பள்ளியில் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்களே, அங்கே மரச்சட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நீ நகரவே மாட்டாய். அந்த யோசனைதான்.

அளவு எடுக்கும்போது சுவருக்கு முன்னால் துணியை அள. ஹேங்கரில் சட்டை தொங்க ஆழம் 24 அங்குலம் வேண்டும். சட்டைக்கு மேலும் கீழுமாக 40 அங்குலத்தில் இரண்டு கம்பி வரும், சுடிதாருக்கு ஒரு பக்கம் 55 விட்டுவிடு. மடித்து வைக்கிற வேட்டி, சேலைக்கு 14 அங்குல ஆழம் போதும். ஆறடி அகலத்தில் ஒரு பக்கம் 24, எதிர்ப்பக்கம் 14 போனால் நடுவே 34 அங்குலம் நிற்க இடம் கிடைக்கும். இரண்டு பக்கமும் 24 வைத்தால் இழுப்பறையை இழுத்துவிட்டுக் குனியக்கூட முடியாது. தட்டு 18 மி.மீ. பிளைவுட் என்றால் இரண்டரை அடிக்கு மேல் தாங்கலில்லாமல் விடாதே, நடுவில் தொங்கிவிடும். பலகையில் ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று நீயே பார்த்து வாங்கு. அந்துருண்டையைக் கசவுப் பக்கம் கொண்டுபோகாதே, ஜரிகை கறுத்துவிடும். நாங்கள் வெட்டிவேரைத் துணியில் முடிந்து வைக்கிறோம்.

இழுப்பறைகளுக்கு முகப்பு, பரணில் கிடந்த பத்தாயப் பலகைதான். நல்ல அயனி. இழைப்புளி போட்டதும் உள்ளேயிருந்து தேன் நிறம் எழும்பி வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு பலகையின் உள்பக்கம் தாத்தா நெல் அளந்த பறைக்கணக்குக்குக் கீறிய கோடுகள் இருந்தன, அஞ்சஞ்சாகக் குறுக்கே வெட்டி. அதை இழைக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மாவின் இழுப்பறையில் அது உள்பக்கமாகவே இருக்கிறது.

ஒரு இடவப்பாதியும் ஒரு துலாமழையும் கழிந்தாயிற்று. நேரியதை மாதம் ஒருமுறை மடிப்பு மாற்றி வைக்கிறாள்.

இன்னும் இரண்டு பலகை மிச்சம் இருக்கிறது, நாலடி நீளம், கரையான் தொடாதது. உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். சித்திரையில் வரும்போது வண்டியில் இடம் விட்டு வா.

அன்புடன்,
உன் கூட்டுக்காரன்